இடம் வலம்

ஐந்து வாரம் சம்பளமில்லா விடுப்பு.
உபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
கீழே கார்ப் பட்டறை, பக்கத்தில் பிஸ்கட் கிடங்கு.
சரக்கு மின்தூக்கி திறக்கும்போதெல்லாம்
வெண்ணெயும் கிரீஸும் சேர்ந்து ஏறி வரும்.

விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்:
‘தீவின் கரையும் நினைவின் கரையும்.’
முதல் நாளே எல்லோர் முன்னும்
வாசிக்கச் சொன்னார்கள்.
நடுவில் இருமிச் சமாளித்தேன்.
உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது
கையால் எதையாவது குடைவது.

பதினெட்டு வருடம்
பேருந்துத் தடங்களைத் திரையில் இழுத்தவள் நான்.
எந்த நிறுத்தத்தில் எத்தனை நொடி,
எந்த முனையத்தில் ஓட்டுநர் கழிப்பறைக்குப் போகலாம்.
கண்ணை மூடினாலும் தீவு தெரியும்:
கிழக்கே சாங்கி, மேற்கே துவாஸ்.

சாம்பல் நிற லினோ தகடு.
குளிரறையில் முரண்டு பிடிக்கும்,
முடி உலர்த்தியால் சூடு காட்டினால் இளகும்.
எட்டு நாள் வெட்டினேன்.
எங்கள் ஊரில் கடலில் மண்ணைக் கொட்டினால் நிலம் வரும்;
இங்கே கடலைச் சுரண்டி எடுத்தால்
நிலம் நிற்கிறது.
மேசைக்கடியில் சுருள் சுருளாய்க் கடல்.
மாலையில் கூட்டி அள்ளினேன்,
இரண்டு முறம் இருக்கும்.

ஒன்பதாம் நாள் மை.
உருளை ஓடும்போது
மீன் பொரிகிற சத்தம் கேட்க வேண்டுமாம்.
கேட்டது.
சக்கரத்தைச் சுற்றி, கம்பளியைத் தூக்கி,
ஒரு மூலையைப் பிடித்துத் தாளை உரித்தேன்.
கழிமுகம், நீர்த்தேக்கம், குட்டித் தீவுகள்,
எல்லாம் கூர்மை.
சாங்கி இடப்பக்கம்.

ஹுவீ மின் வந்து பார்த்தாள்.
அச்சுப்பொறி அவள் பொறுப்பு,
இருபத்தாறு வயது, காதில் பென்சில்.
உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:
“ஆன்ட்டி, இந்த ஊரில்
ஏர்போர்ட்டுக்கு எத்தனாம் நம்பர் பஸ்?”

பதினெட்டு வருடம்!
சிரிப்பு உடனே வரவில்லை.
வந்த பிறகு நிற்கவில்லை.
கண்ணைத் துடைத்த துணியிலும் மை.

சனிக்கிழமை, கிலோ கணக்கில் பழந்துணி வாங்க
ஜோகூருக்குக் கிளம்பினேன்.
உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில்
வலது கட்டைவிரலை வைத்தேன்.
மறுத்தது.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
மறுத்தது.
உளி கீறிய ஒரு வடு,
மண்ணெண்ணெயில் தேய்ந்த ரேகை.
முகப்பிலிருந்த அதிகாரி அழைத்தார்.
“விரலுக்கு என்ன?”
“அச்சு எடுக்கிறேன்.”
“எதை?”
“சிங்கப்பூரை.”
நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.
“மற்றக் கை,” என்றார்.

இடது கட்டைவிரல். பச்சை விளக்கு.

கண்ணாடிக்கு அடியிலிருந்து பார்க்கிற அந்த இயந்திரத்துக்கு
நான் நேராகத் தெரிகிறேனா, திரும்பித் தெரிகிறேனா?
பாலம் முழுக்க, பேருந்தில் நின்றபடி
இதையே யோசித்தேன்.

திங்களன்று புதுத் தகடு கேட்கவில்லை.
அந்தத் திரும்பிய தீவையே ஒன்பது படி எடுத்தேன்.
அதற்கு ஒரே ஒரு பேருந்துத் தடமும் போட்டேன்,
சிவப்பில், ஏகப்பட்ட நிறுத்தங்களோடு.
அந்த ஊரில் சூரியன் முதலில்
துவாஸ் விடுதிகளின் மேல் உதிக்கும்.
இங்கேயும் முதலில் எழுகிறவர்கள் அவர்கள்தாம்,
இருட்டில்.

பென்சிலால் எண்ணிட்டேன்.
ஆறாவதில் என் முழங்கை பட்ட தடம்.
அதை ஹுவீ மின் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

கடைசி நாள்.
இனிப் படி கிடையாது என்பதற்கு
தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீற வேண்டும். விதி.
உளியை வைத்தேன்.
எங்கிருந்து எங்கே இழுத்தாலும்
யாராவது ஒருவர் வீட்டின் மேல் போகிறது.

மின்தூக்கி திறந்தது. வெண்ணெய் வாசம்.
“சாப்பிட வரலையா?”
கை கழுவப் போனேன்.